எஸ்றா அத்தானின் காது மிஷின்

எங்கள் எஸ்றா அத்தானுக்கு செல்போன் என்றாலே ஆகாது. பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் வாசலில் ஞாயிறுதோறும் ஓலைப்பெட்டியோடு நிற்பார். காணிக்கைக்கு அல்ல, போனுக்கு. அணைத்துப் பெட்டியில் போட்டால்தான் உள்ளே போகலாம். குருவானவருக்கும் அதே சட்டம்தான். எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இது சம்பளமில்லாத உத்தியோகம். காது மந்தமாகி மிஷின் வைத்த பிறகும் பிடி தளரவில்லை. பின்வரிசையில் யார் குசுகுசுத்தாலும் உதட்டசைவை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். ஜெபத்தின்போதுகூட அவருக்கு அரைக் கண் திறந்துதான் இருக்கும்.

அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா சாலோமி. அவளுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போய், சென்னையில் ஆபரேஷன் என்று முடிவானது. அக்காவுக்குக் கத்தியைவிட வேறொரு கவலை. தான் போய்விட்டால் இந்த மனுஷன் தனியாகக் கிடந்து என்ன செய்வார் என்று. அதைப் பேச அவள் வாயெடுத்த போதெல்லாம் அத்தான் காதைத் தட்டிக் காட்டி, மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார். முந்தின நாள்தான் புதுசு போட்டிருப்பார். சாவைப் பற்றிய பேச்சை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ரயில் குலுக்கல் வேண்டாமென்று வாகைக்குளத்திலிருந்து விமானத்தில் இடம் போட்டேன். அத்தானுக்கு விமானம் அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் அவர், நடுவில் அக்கா, இந்தப் பக்கம் நான். போன்களை அணையுங்கள் என்று அறிவிப்பு வந்ததுதான் தாமதம், அத்தானுக்குக் கோயில் வாசல் ஞாபகம் வந்துவிட்டது. கையில் பெட்டி இல்லாததுதான் குறை. எதிர்வரிசைப் பெண் போனை விமானப் பயன்முறையில் போட்டுக் காட்டியும் அவர் நம்பவில்லை.

கடைசியில் பணிப்பெண் வந்து பொறுமையாகச் சொன்னாள். ஒரு போனால் விமானம் விழுந்துவிடாது, ஆனால் பல போன்கள் சேர்ந்தால் விமானியின் காதில் இரைச்சல் கேட்கலாம், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உண்மையில் பயப்பட வேண்டியது பேட்டரி சூடாகித் தீப்பிடிப்பதற்குத்தான் என்றாள். அத்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, விமானியின் காதை மட்டும் பிடித்துக்கொண்டார். அவள் நகர்ந்ததும் இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றினார். காது மிஷினுக்குத் தடை ஒன்றும் இல்லை என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"ஓட்டுதவருக்குக் காது தெளிவா இருக்கணும்லா," என்றார். "என் காதுக்காவ அவரு காதக் கெடுக்கலாமாலே? சாலோமி இருக்கா வண்டியில."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மிஷினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார். விமானம் ஏறியது.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவருக்குக் கேட்கும்போது சொல்ல முடியாததை, கேட்காதபோதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பாள். காது கேளாதவரோடு பேசிப் பழகிய குரல், எனக்கும் கேட்டது.

"எனக்கு ஏதாவது ஆயிட்டுன்னா நீங்க ஜெசி வீட்டுக்குப் போயிருங்க. தனியா இருக்காதீங்க. மக பாத்துக்கிடுவா. வீட்டப் பூட்டிப்போட்டாலும் பரவால்ல."

அத்தான் அசையவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவளைத் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவுக்கு முன்னால் வண்டி நின்றபோது அத்தான் குனிந்தார். மிஷின் காதில் இருந்தும், வழக்கம்போல ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"ஏட்டி சாலோமி, ஜெசி வீட்டுக்கெல்லாம் நான் போவ மாட்டேன். நீ வந்து வீட்டத் தொறந்தாத்தான் நானும் உள்ள வருவேன்."

அக்கா திகைத்துப்போய், அது எப்படிக் கேட்டது என்றாள்.

"மிஷினத்தானட்டி கழத்துனேன். கண்ணு தொறந்துல்லா இருந்துச்சு."

அக்கா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். கதவு மூடியதும் அத்தான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அக்கா தேறி வரக் கொஞ்ச காலம் ஆனது. ஊர் திரும்பும்போதும் விமானம்தான். ஏறியதும் அத்தான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, காது மிஷினால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு அக்கா பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வாகைக்குளம் வரும் வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.