அஞ்சலை கட்டிய தூளி

சேக்காட்டில் எங்கள் வயல் இருந்த இடத்தில் எழும்பும் கட்டடத்தின் சாரத்தில் இன்று ஒரு சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் புளித்த பால் வாசனை மூக்கில் ஏறியதுமே வயலோர நாவல் மரமும், நடவுப் பெண்களின் கால்கள் சேற்றில் புதைந்தெழும் சத்தமும், வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடப் பையனான நானும் திரும்பி வந்துவிட்டோம்.

நடவுக்கு வந்த அஞ்சலையின் குழந்தை அந்த மரத்துத் தூளியில் அழுதது. வேகமாக ஆட்டினால் தூங்குமென்று நான் பலங்கொண்ட மட்டும் தள்ளினேன்.

"எவ்ளோ தள்ளினாலும் தூரமாத்தான் போவும் சின்னய்யா, சீக்கிரம் திரும்பாது. குட்டையா கட்டினாதான் வெரசா ஆடும்" என்று சொல்லி, சேற்றுக் கையோடு தூளியை ஏற்றிக் கட்டினாள் அஞ்சலை.

பிறகொரு நாள் வாத்தியார் நூலில் கல்லைக் கட்டி ஆட்டி, இது இன்னும் சீக்கிரம் ஆட என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, நான் மட்டுமே எழுந்து நூலைக் குட்டையாக்கச் சொன்னேன்.

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"நானே கண்டுபிடிச்சேன், சார்."

அம்மா அதை ஊரெல்லாம் சொன்னாள். புல்லுக்கட்டோடு கொல்லைப்புறம் வந்த அஞ்சலையிடமும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம சின்னய்யாவா! இன்னா புத்தி கீது பாரும்மா!" என்று முகமெல்லாம் பூரித்தாள் அஞ்சலை.

அதில் துளி பரிகாசம் இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.