காரின் மேல் றாக்கை

கோணாமலை காரின் கூரையில் உள்ளங்கையை விரித்து வைத்தபடி நிற்கிறார். தெருவால் போகிறவர்கள், மோர்மிளகாய் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என நினைக்கக்கூடும். சித்திரைக்கு முன்பென்றால் அது சரி. இப்போது கூரையில் மிளகாயும் இல்லை, வடகமும் இல்லை. வெறும் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாண் சாணாக அளக்கிறார். அளந்து முடிந்ததும், பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரைக் கேட்கிறார்: "மேல ஒரு றாக்கை போட்டால் நல்லமோ? என்ன சொல்லுறியள்?"

றாக்கை என்று அவர் சொல்வது காரின் தலையில் சாமான் ஏற்றிக் கட்டுகிற இரும்புத் தட்டை. கண்டி வீதியில் ஓடுகிற கார்கள் சிலவற்றுக்கு அது உண்டு. கோணாமலையின் பழைய கறுத்த வாடகைக் காருக்கு இல்லை. போடலாமா வேண்டாமா என்று யுத்தம் தொடங்குவதற்கு முன்பிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

யோசிப்பது அவருடைய குணம். ஒரு குடை வாங்க இரண்டு மாரிகாலம் யோசித்தவர். "என்னைப் பொம்பிளை பாத்திட்டுப் போய் மூண்டு வருசம் யோசிச்ச மனிசன். கடைசியில எங்கட அப்பாதான் நாள் வைச்சவர்" என்று மனைவி யோகம்மா சொல்வாள். கார் ஓட்டும்போது செருப்புப் போடமாட்டார். போட்டால் "காரின்ர கதை காலுக்குக் கேக்காது" என்பார். பத்திரகாளி கோயில் வாசலில் ஹோன் அடிக்கமாட்டார். எதையும் தீர்மானிக்கும் முன் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே பிடித்து, நன்மைகளை வலது கை விரல்களிலும் தீமைகளை இடது கை விரல்களிலும் மடக்குவார். "அவசரப்பட ஏலாது, கண்டியளோ" என்பது அவருடைய வேதவாக்கு.

சந்தைக்குப் பக்கத்தில் கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. மற்றச் சாரதிகள் அதன் நிழலுக்கு அடிபடுவார்கள். கோணாமலை மட்டும் வெயிலில் நிறுத்துவார். வீட்டு முற்றத்தில் வெயில் விழாததால், யோகம்மா உப்பும் மோரும் ஊறிய மிளகாயைக் காலையிலேயே கொடுத்துவிடுவாள். கூரையில் ஒரு பாயை விரித்து அதைப் பரப்புவார். சவாரி வந்தால், பாயோடு இறக்கி மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார். காவலுக்கு உம்மு குல்சும் இருந்தாள்.

கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து அந்த வேம்பின் கீழ், பன்புல்லில் தானே இழைத்த பாய் விற்கிற மனுசி அவள். கையில் எப்போதும் ஒரு ஈர்க்குக் கட்டு இருக்கும். மிளகாயில் காகம் இறங்கினால், பேரம் பேசிக்கொண்டிருந்தாலும் அதைப் பாதியில் விட்டு எழும்பி வீசுவாள். அவளை அவர் உம்மா என்பார். அவள் அவரை மகன் என்பாள், வயதில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும்.

"காகத்துக்கு இரிக்கிற சுறுசுறுப்பு ஒனக்கு இல்லியே மகன். மேல ஒரு றாக்கையப் போடு. என்ட பாயும் ஏறும், நானும் ஏறுவன். கந்தளாய்ச் சந்தைக்கு ஒருக்காப் போய் வரலாம்."

"றாக்கை போட்டால் மிளகாயை எங்க காயவிடுறது, உம்மா?"

"ஒன்ட தலையில. அதான் வெறுமையாக் கிடக்கே!"

எதிரே தையல் கடை வைத்திருக்கும் ஆனந்தராசா இதைக் கேட்டுச் சிரித்தபடி மெசினை மிதிப்பான். "உம்மா, அவன் இடது கையை மடக்கத் தொடங்கிட்டான். நீங்கள் நடந்தே கந்தளாய்க்குப் போயிடலாம்" என்பான். கோணாமலையும் ஆனந்தராசாவும் ஒன்றாகப் படித்தவர்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இடது கையில் மடங்கிய தீமைகள் இவை: மிளகாய்க்கு இடம் போய்விடும். வீதியோர மரக்கொப்புகள் இடிக்கும். பாரம் கூடினால், கூப்பனுக்குக் கிடைக்கிற பெற்றோல் காணாது. வலது கையிலும் கிட்டத்தட்ட அதே அளவு விரல்கள் மடங்கும். ஆகவே தீர்மானம் தள்ளிப்போனது.

உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது இங்கேதான் என்று பட்டினத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்கள் நிற்கிற நேவி யாட்டும் எண்ணெய்த் தாங்கிகளும் நிறைந்த துறைமுகத்தை விட்டுவிட்டு வேறெங்கே வருவான்? ஆனாலும் வருசப்பிறப்பு வருகிறதே. ஆனந்தராசாவின் கடையில் தைக்காத புதுத் துணிகள் குவிந்து கிடந்தன. அந்த வியாழக்கிழமை காலை அபாயச் சங்கு ஊதியபோதும் யோகம்மா கொடுத்த மிளகாய் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது.

சந்தை கலைந்தது. நல்லகாலமாக, யோகம்மா இருந்த வீடு துறைமுகத்திலிருந்து எட்டவிருந்தது. ஆனந்தராசா மனைவியையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். பிறகு திரும்பி ஓடித் தையல் மெசினை இரும்புக் காலோடு தூக்கிக்கொண்டு வந்தான். "இது போனால் நான் போனேன் மச்சான்" என்றான். பின் சீற்றில் மெசின் குறுக்கே கிடந்தது. முன்னால் ஆனந்தராசாவும் மனைவியும். மடியிலும் கால்மாட்டிலும் பிள்ளைகள். உம்மு குல்சும் ஏற்கெனவே மிளகாய்ப் பாயைக் கூரையிலிருந்து இறக்கிவிட்டு, மற்றப் பக்கக் கதவில் கை வைத்தபடி நின்றாள். தோணித்துறைப் பக்கம் இனிப் போக முடியாது.

கோணாமலை மெசினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விரல் மடக்க நேரமிருக்கவில்லை.

"அடுத்த நடை, உம்மா. இந்தா வந்திட்டன்."

"போ மகன், புள்ளைகள் அழுவுது. மொளகாய நான் பாத்துக்குவன்."

கன்னியாப் பக்கம் தெரிந்த ஒருவரின் தோட்டத்துக்குப் போகிற வழியிலேயே நிலம் அதிர்ந்தது. கண்ணாடிகள் கிடுகிடுத்தன. பின்னால் வானம் கரியாகப் போயிற்று. அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினார். எதிரே வந்த சனமெல்லாம் போகாதே போகாதே என்று கை காட்டியது. பட்டினத்துக்குள் நுழைகிற கார் அவருடையது ஒன்றுதான்.

வேப்பமரம் அப்படியே நின்றது. உம்மு குல்சும் அதில் சாய்ந்து, சுருட்டிய பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தாள். முக்காடு சரியவில்லை. ஈர்க்குக் கட்டு கையில் இருந்தது. அவர் காரை மரத்தடிக்கே கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"உம்மா, வந்திட்டன். ஏறுங்கோ."

அவள் எழும்பவில்லை. பயத்தில் உறைந்துவிட்டாள் என்று நினைத்து இன்னொருமுறை சொன்னார். அப்போதுதான் மிளகாய்ப் பாயைப் பார்த்தார். குண்டுச் சத்தத்தில் பறந்த காகங்கள் திரும்பிவந்து, அவள் காலடியில் கிடந்த அந்தப் பாயில் இறங்கி, கொத்தி இழுத்துக்கொண்டிருந்தன. அவள் ஈர்க்கைத் தூக்கவில்லை. உடம்பில் காயமென்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சொன்ன நடையை அவர் ஓடினார். பின் சீற்றில் அவளைச் சாய்த்துவைத்து, பாய்களையும் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பின்னேரம் தோணியோடு வந்த அவளுடைய மகன் பக்கீர், துறையில் வைத்துக் கோணாமலையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "ஊரே ஓடுற நேரத்தில நீங்க ஒராள்தான் திரும்பி வந்திருக்கீங்க. அல்லாஹ் உங்களக் காப்பாத்துவான்." தாய் கதவில் கை வைத்து நின்றது அவனுக்குத் தெரியாது. கோணாமலை கைகளை விடுவித்துக்கொண்டு, அவளுடைய பாய்களைத் தோணியில் ஏற்றினார்.

அதன்பிறகுதான், றாக்கை போட்டால் நல்லமோ என்று காண்கிறவரையெல்லாம் கேட்பது. பிணம் ஏறிய காரென்று சனம் ஏறத் தயங்கிய நாட்களில், வெறுங்காரோடு நின்று கேட்டார். ஓடிய சனம் மெல்லத் திரும்பி, சவாரிகள் வரத் தொடங்கிய பிறகும் கேட்கிறார். நிலாவெளிக்குப் போகிற கிளாக்கரிடம் கேட்கிறார். தமிழ் விளங்காத நேவிக்காரனிடமும் கூரையைத் தட்டிக் காட்டிக் கேட்கிறார். சிலர் போடு என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேச்சையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்கிறார். வலது கை விரல்களை மடக்கும்போது பெருவிரல் மட்டும் மடங்காமல் நிற்கிறது. அது எந்த நன்மைக்கு உரியது என்று அவர் சொல்வதில்லை.

சொல்லத்தான் வேண்டுமா? றாக்கை தேவை என்று இன்றைக்கு முடிவானால், அன்றைக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. மெசின் மேலே போயிருக்கும், மனுசி உள்ளே ஏறியிருப்பாள். அது உதவாத சாமான் என்று முடிவானால், அவள் சாவு வானத்திலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். இந்த இரண்டில் எது வேண்டும் என்று ஒரு மனிதனால் தெரிந்தெடுக்க முடியுமா? எதைத் தெரிந்தெடுத்தால் இரவில் நித்திரை வரும்?

இந்த றாக்கைப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ஆனந்தராசா தலை நிமிர்வதில்லை. முன்பு தெருவைப் பார்த்திருந்த மெசினை இப்போது சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறான். மச்சான் என்ற சொல்லைக் குண்டு விழுந்த அந்தப் பங்குனியோடு விட்டுவிட்டான்.

போன கிழமை ஒரு நாள், கோணாமலை காரை இரும்பு வேலை செய்யும் ஸுஹைரின் பட்டறைக்குக் கொண்டுபோனார். யாரோ செய்யச் சொல்லிவிட்டு யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனதில், ஒரு றாக்கை அங்கே சும்மா கிடந்தது. "வச்சுப் பாருங்க அண்ணன். சரிவந்தா எடுங்க" என்றான் ஸுஹைர். கூரையில் பூட்டிக்கொண்டு இருவரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். கோணாமலை நேரே தையல் கடைக்குள் போனார்.

"மச்சான், மெசினைத் தூக்கு."

ஆனந்தராசா ஊசியைப் பிடித்தபடி நிமிர்ந்தான். "எங்க?"

"மேல வைச்சுப் பாப்பம்."

ஆனந்தராசா மெசினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான். "வேண்டாம் மச்சான். போனது போயிட்டுது. என்னைக் கொல்லாத."

"தூக்கு."

மூன்று பேருமாகத் தூக்கினார்கள். இரும்புக் கால் றாக்கையில் உட்கார்ந்த கணம், கூரை ஒருவித முனகலோடு உள்வாங்கியது. றாக்கையின் கால் ஒன்று தகரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஸுஹைர் பதறி மெசினைத் தாங்கி நிலத்தில் இறக்கினான். கிழிந்த இடத்தில் விரலை வைத்து உரச, துரு தூளாக உதிர்ந்தது.

"உப்புத் திண்ட தகரம் அண்ணன். மொளகாய்த் தண்ணி ஊறி ஊறி உள்ளுக்கு ஒண்டுமில்ல. சித்திரைக்கு முந்திப் போட்டிருந்தாலும் இதான் கதி. மெசின் ஏறியிராது."

ஆனந்தராசா மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவிலேயே குந்திவிட்டான். அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று அவனிடமிருந்து வந்தது. "கேட்டியோ மச்சான்? தாங்காதாம். அண்டைக்கும் தாங்கியிராதாம். கேட்டியோ?"

கோணாமலை கேட்டார். அவர் விரல்கள் எதையும் மடக்கவில்லை. காரைச் சுற்றிப் போய், அவள் கை வைத்து நின்ற பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளே ஏறிப் பின் சீற்றில் குந்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, உள்வாங்கிய கூரைக்கு அடியிலிருந்து முட்டுக்கொடுத்து உன்னினார். கழுத்து நரம்பு புடைத்தது. தகரம் கொஞ்சம் மேலே எழும்பிற்று.

"தாங்கும்," என்றார் உள்ளேயிருந்து. "நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். தூக்கி வையுங்கோ."