அண்ணனின் காலும் உப்பு மூட்டையும்

எங்கள் வீட்டில் யாருக்கு வலி என்றாலும் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது நான்தான். வைப்பதற்கு முன் மூட்டையை என் முன்கையில் நன்றாக அழுத்திப் பார்ப்பேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

எண்பதுகளில் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பம்பாய்ப் பக்கம் கடலுக்கடியில் முங்கிக் குழாய் பழுது பார்ப்பவர். ஆழத்திலிருந்து நின்று நின்று ஏற வேண்டும். ஒருநாள் மூச்சுக்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாய் கோளாறாகி, ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டார். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பி முதுகுத்தண்டைத் தாக்கிவிட்டன. காற்றழுத்த அறையில் வைத்து வைத்தியம் பார்த்ததில் உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போன உடம்போடுதான் ஓசூருக்கு வந்து சேர்ந்தார்.

நண்பர் ஒருவர் முற்றத்தில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுக் கொடுத்தார். அவற்றைப் பிடித்து அண்ணன் தினமும் நிற்கப் பழகினார். கால் திரும்பலாம், ஆனால் புண் மட்டும் வரக்கூடாது என்று பயிற்சி கொடுத்த டாக்டர் சொல்லியிருந்தார். உத்தனப்பள்ளிப் பெரியம்மாவோ, கடல் குளிர் காலில் இறங்கிவிட்டது, சூடு காட்டினால் போய்விடும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது; உப்பை வறுத்துக் கட்டி அவர் கெண்டைக்காலில் வைத்தேன். படித்த புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போனதோ.

“சூடு தாங்குதாண்ணா?”

“ஒண்ணுந் தெரியல பாப்பா. இன்னுங் கொஞ்சம் வை.”

வைத்தேன். மறுநாள் கெண்டைக்காலில் தோல் உரிந்து கிடந்தது. புண் எலும்பைத் தொட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். பயிற்சி நின்றது. கால்கள் குச்சியாயின. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஷிப்டு முடிந்து வந்ததும் புண்ணைக் கழுவி மருந்து போடுவேன். வாடை வருகிறதா என்று குனிந்து முகர்ந்து பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் மருந்தை ஊற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மெதுவா. எரியுது.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

“எரியுதுங்கறேன்ல.”

அவர் சிரித்தார். நான்தான் அழுதேன். புண் ஆறி, குழாய்களைப் பிடித்து மறுபடி நின்று, கைத்தடியோடு தெருவுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலானது.

போன மாதம் முட்டி வலி என்று வந்தவர், நான் மூட்டையை என் கையில் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைக் கேளு பாப்பா. இப்பத்தான் எனக்குத் தெரியுமே.”

கேட்டேன். ஆனாலும் முதலில் என் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் கேட்டேன்.