வாலுக்குத் தலைவர்

எங்கள் விமானத் தொழிற்சாலையில் வால் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். வாலுக்குத் தலைவர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்போம். முகத்துக்கு நேரே சிரித்தவர்கள் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். "என்கிட்ட யாரும் வாலாட்டக் கூடாது" என்பது அவருடைய தினப்பாட்டு. அலுவலகத்தில் எங்களிடம் பாடிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவி மகளிடமும் பாடுவார். மகள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எங்கள் சோதனை விமானியைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாமனார் வரைந்த வாலை மாப்பிள்ளை வானத்தில் ஓட்டிப் பார்க்கும்படி ஆனது.

மிதமான வேகத்தில் விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போதுதான் வம்பு. அந்த நிலையில் இறக்கை வளைவின் மேல் ஓடும் காற்று ஒலியையே மிஞ்சிப் போய், திடீரென்று முட்டி வேகம் குறையும். அந்த முட்டலுக்குப் பெயர் அதிர்ச்சி அலை. அது வால் இறக்கையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டால், பின்விளிம்பில் உள்ள அசையும் தகடு எவ்வளவு ஆடினாலும் காற்றுக்கு உறைக்காது. மூக்கு தானாகக் கீழே போகும். விமானி பிடியை இழுத்தாலும் எழாது.

மாப்பிள்ளை இரண்டு முறை அப்படிப் போய்த் தப்பி வந்தார். தகடு போதாது, வால் இறக்கை முழுவதும் அசையும்படி செய்யுங்கள் என்று கேட்டார். தலைவர் தன் வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூடத் தொடவிடவில்லை. மாப்பிள்ளைக்குக் கையில் பலம் இல்லை என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையை நோக்கி விழுகிறவன் பலத்தை மிச்சம் பிடித்துக்கொண்டா இழுப்பான்?

மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. அன்று சாப்பாட்டு மேசையில் அவள் சத்தம் போடவில்லையாம்.

"அவருக்குத்தான் கையில பலம் இல்லையேப்பா. பின்சீட்டு காலியாத்தான இருக்கு, நீங்களும் உக்காந்து இழுங்க. இல்லன்னா இனிமே அவரை அதுல ஏற விடமாட்டேன்."

வாய் கிழியப் பேசிய மனிதருக்குப் பின்வாங்க வழியில்லை. மருத்துவர் சோதித்து அனுப்பினார். பாரசூட் பட்டையைத் தலைவரின் தொப்பைக்கு மேல் இழுத்து மாட்டுவதற்குள் இரண்டு பேருக்கு வியர்த்துவிட்டது.

நாங்கள் ரேடியோ அறையில் நின்றோம், மகளும் வந்திருந்தாள். உச்சியிலிருந்து விமானம் சரிந்து வேகமெடுத்தது. மாப்பிள்ளையின் குரல் நிதானமாக வந்தது.

"மூக்கு இறங்குது. மாமா, உங்க பிடியையும் சேத்து இழுங்க."

பின்சீட்டிலும் ஒரு பிடி உண்டு. கொஞ்ச நேரம் மூச்சிரைக்கும் சத்தம்தான் கேட்டது. மகள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அப்புறம் வாலுக்குத் தலைவர் பேசினார்.

"அசைய மாட்டேங்குதே மாப்பிள்ள. ஆடட்டும், முழு வாலும் ஆடட்டும். மேல தூக்குங்க."

மாப்பிள்ளை எஞ்சினைத் தணித்துவிட்டுக் காத்திருந்தார். கீழே காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி இன்னும் வேகமாக ஓடும். ஆகவே இறங்க இறங்க விமானம் ஒலியைவிடப் பின்தங்கிவிடும். அப்படித்தான் ஆயிற்று. அலை விலகியது, தகடு பிடி கொடுத்தது, மூக்கு எழுந்தது. மகள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மாமனாருக்காக இல்லை.

இறங்கிய கையோடு தலைவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, வாலை முழுதாக அசைய வைத்தார். அடுத்த ஆண்டு விமானம் ஒலியைத் தாண்டியது. பாராட்டு விழாவில் மாலையும் கழுத்துமாக நின்று, முழு வால் யோசனை முதலில் தனக்குத்தான் தோன்றியது என்று வெகுநேரம் பேசினார். மாப்பிள்ளை மரியாதையாகக் கைதட்டினார். முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த மகளிடம், அப்படியா என்று ஒரு விருந்தாளி வியந்து கேட்டார்.

"ஆமா சார், அப்பாவோட யோசனைதான்" என்றாள். "பின்சீட்ல உக்காந்து யோசிச்சாரு."