கத்தரிக்கோல் படம்

லாரி கிளீனர், பந்தல் வேலை என்று சுற்றிவிட்டு, மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கம்ப்யூட்டர் கடையில் ஒதுங்கினேன். படிப்பு எட்டாவது வரை. கடைப் பரணில்தான் படுக்கை. வேலை போனால் அதுவும் போகும்.

தமிழ் தட்டத் தெரிந்தது. திரையின் மேலிருந்த குட்டிப் படங்கள்தான் புரியவில்லை. கத்தரிக்கோல் ஓரத்தைச் சீராக வெட்டும் என்று நம்பி, பத்திரிகை முழுவதையும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். திரை வெள்ளையானது.

"மாப்பிள்ளை ஆத்துக்காராள்லாம் எங்கடா போனா?" என்றார் முதலாளி.

"ஓரத்ததான் சார் வெட்டச் சொன்னேன். அது மொத்தத்தையும் வெட்டிகினு போயிட்ச்சு."

"இன்னொரு தரம் இப்படிப் பண்ணினா, நீயும் கிளம்பிடு."

பயந்துபோய், வெற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு படமாக அழுத்திப் பார்த்தேன். 'நீக்கும்', 'ஒட்டும்', 'அச்சடிக்கும்' என்று காகிதத்தில் எழுதி, அந்தந்தப் படத்துக்கு நேராகத் திரைச் சட்டத்தில் ஒட்டினேன்.

"பாலர் பள்ளியாடா இது? வர்றவா சிரிக்கறா. சாயங்காலத்துக்குள்ள கிழிச்சுடு" என்றார் முதலாளி.

டீ குடித்துத் திரும்பினால், அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டுகளைப் படித்துப் படித்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"பிரஷ் படத்துக்கு ஏன்டா ஒண்ணும் எழுதலை?"

"அது இன்னா பண்ணுதுன்னு எனக்கே தெர்ல சார்."

"எனக்கும்தான்" என்றார். கிழிக்கச் சொன்னதை அவர் மறந்துவிட்டார், நான் நினைவுபடுத்தவில்லை.