தாழ்ந்த குரலுக்கு ஒரு கிட்டார்

பீளமேட்டில் என் கணவரின் லேத் பட்டறைக்குப் பின்னால் பதினைந்துக்குப் பத்தடியில் ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் நான் கிட்டார் செய்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று நாளெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தவள், மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம் வேலையை விட்டுவிட்டு மரம் சீவ உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மரத்தூசு என்ர லேத்துக்கு வராதல்ல புள்ள?"

பிறகு அவரே நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். கிட்டாரின் பக்கப் பலகைகளை நனைத்துச் சூடான குழாயில் அழுத்தி வளைக்க வேண்டும் என்று சொன்னதும், பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் போடும் ஹீட்டர் ஒன்றை இரும்புக் குழாய்க்குள் சொருகி இரண்டு நாளில் கொண்டுவந்து வைத்தார். இன்றுவரை அதில்தான் வளைக்கிறேன்.

முதல் நான்கு கிட்டார்களை எனக்காகவும் சொந்தக்காரர்களுக்காகவும் செய்தேன். ஐந்தாவதைக் கேட்டு வந்தவர்தான் அந்த அக்கா. வயது ஐம்பது இருக்கும். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாட்டை நடத்துவார். கையில் இருந்த கிட்டார் வயிறு வீங்கிக் கிடந்தது. கம்பிகள் கழுத்தை விட்டு உயரமாக எழும்பி நின்றன. "அமுக்கி அமுக்கி விரலெல்லாம் நோகுதுங்க" என்று இடது கையை விரித்துக் காட்டினார்.

அவர் கையை அளந்தேன். எப்படி வாசிப்பார் என்று கேட்டேன். எப்படிப் பாடுவார் என்று மட்டும் கேட்கவில்லை.

கிட்டாரில் ஓசை மேற்பலகையில்தான் பிறக்கிறது. மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பலகை அது. ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஒரு வளர்ந்த ஆளின் எடைக்கு அதை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குவதற்காக உள்பக்கம் மெல்லிய மரச்சட்டங்களைப் பெருக்கல் குறி போல ஒட்டுவோம். சட்டம் தடித்திருந்தால் பலகை வாயே திறக்காது. ரொம்ப மெலிந்தால் குழிந்துவிடும். ஆகவே விரல் முட்டியால் தட்டிக் கேட்டு, சட்டத்தில் ஓர் இழை சீவி, மறுபடியும் தட்டிக் கேட்க வேண்டும். வாரக்கணக்கில் இதுதான் வேலை.

அன்னூரில் மாமனார் வீட்டில் கழற்றிப் போட்டிருந்த ஈட்டி மரக் கட்டிலை முதுகுக்கும் பக்கங்களுக்கும் எடுத்துக்கொண்டேன். மேற்பலகை வெளிநாட்டு ஸ்ப்ரூஸ் மரம். கம்பி ஏற்றி முதல்முறை மீட்டியபோது கணவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அறை முழுக்க நிறைந்து நின்றது சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா வந்து வாசித்துப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "நல்லா இருக்குதுங்க" என்றார். என் தோளை அணைத்துக்கொண்டு, வாங்கிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, அதைக் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்ற ஆசையில் அவருடைய சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா எழுந்து முன்னால் வந்தார். தோளில் பழைய கிட்டார் தொங்கியது.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் பைக்குகளுக்கு நடுவே அவரைப் பிடித்தேன்.

"ஏனுங்க அக்கா, புதுசுல ஏதாச்சும் கோளாறுங்களா?"

அவர் கிட்டார் உறையின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். "கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அது அவ்வளவு நல்லாப் பாடுது. நான் பாடறதுதான் யாருக்கும் கேக்க மாட்டேங்குது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"எங்கையில அதைக் குடுக்கறப்ப உங்க மூஞ்சியப் பார்த்தனுங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

இரண்டு நாள் நான் அறையைத் திறக்கவில்லை. கோபமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, புதுக் கிட்டாரோடு வரச் சொன்னேன். அன்று அவருக்கு வார விடுமுறை. வந்ததும் பாடச் சொன்னேன். சர்ச்சில் ஐம்பது குரல்களுக்கு நடுவே கேட்ட குரல் அன்று தனியாகக் கேட்டது. தாழ்ந்த குரல். பேசுவதற்கும் பாடுவதற்கும் இடையில், அவசரமே இல்லாமல் நடந்து வருகிற குரல்.

அப்போதுதான் என் தப்பு எனக்குப் பிடிபட்டது. எந்தக் கிட்டாரிலும் மேற்பலகை தானாக அதிகம் அதிர்கிற ஒரு சுரம் இருக்கும். மற்றதைவிட அது ஒரு படி ஓங்கி ஒலிக்கும். நான் செய்த கிட்டாரில் அந்தச் சுரம் அக்காவின் குரல் வந்து வந்து நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அது குறுக்கே பேசியது.

அந்தச் சுரத்தைக் கீழே இறக்க வேண்டும். ஓசைத் துளை வழியாகக் கையை விட்டு, கண்ணாடியில் பார்த்தபடி உப்புத்தாளால் உள்சட்டங்களைத் தேய்த்தேன். முதல் நாள் கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாம் நாளும் தேய்த்தேன். கம்பியை முறுக்கி வைத்துவிட்டுப் போய் மறுநாள் காலை வந்து பார்த்தால், துளைக்கும் கம்பிகள் பூட்டியிருக்கும் கட்டைக்கும் நடுவே பலகை குழிந்து கிடந்தது.

போனைக் கையில் எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

"அக்கா, கெடுத்துப்போட்டனுங்க."

மறுமுனையில் ஆஸ்பத்திரி மெஷின்களின் பீப் சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது.

"சரி உடு கண்ணு. சாப்பிட்டியா?"

அதுவரை அவர் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசியிருந்தார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். கணவர் எட்டிப் பார்த்து, டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

சூடாக்கிய கத்தியை ஒட்டின் வழியாக ஓட்டி, குழிந்த பலகையைப் பிரித்தெடுத்தேன். புதுப் பலகை இழைத்து, புதுச் சட்டங்கள் ஒட்டினேன். பெட்டியோடு ஒட்டுவதற்கு முன்னால் அதன் ஓரங்களை ஒரு மரச்சட்டகத்தில் இறுக்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்தார்.

"பலகைக்குப் பக்கத்துல நின்னு பாடுங்க அக்கா. வார்த்தை வேண்டாம். ஒரே சுரமா இழுங்க, மெல்ல மேல போங்க."

அவர் பாடினார். நான் விரல் நுனிகளைப் பலகைமேல் வைத்திருந்தேன். ஒரு சுரத்துக்கு வந்ததும் மரம் விரலுக்கடியில் லேசாக நடுங்கியது. என் முகம் மாறியதைப் பார்த்து, "நானும் தொடட்டுமா?" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரல்களை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பாடினார். பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"டயாலிசிஸுக்கு வர்றவங்களுக்குக் கையில ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்து வெச்சிருப்பாங்க கண்ணு. ஊசி ஏத்தறதுக்கு முன்னாடி தொட்டுப் பார்ப்போம். ரத்தம் ஓடறது விரல்ல விர்ருன்னு தெரியும். இதும் அதே மாதிரிதான் இருக்குது."

இருபது வருடங்களாக அந்த விரல்கள் தினமும் அதைத்தான் செய்து வந்திருக்கின்றன. எனக்குத் தெரியாத வித்தியாசமெல்லாம் அவருக்குத் தெரிந்தது. நான் சட்டத்தில் இரண்டு இழை சீவுவேன். அவர் பாடித் தொட்டுப் பார்த்து, "கொஞ்சம் கீழ போயிருச்சு" என்பார். ஒரு தடவை, "இந்தப் பக்கம் ஓட்டம் கம்மியா இருக்குது" என்று இடது ஓரத்தைக் காட்டினார். அங்கே தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். பலகையைப் பெட்டியில் ஒட்டிக் கம்பி ஏற்றியபின் அந்தச் சுரம் எவ்வளவு நகரும் என்பது முந்தைய கிட்டார்களை வைத்து எனக்கு ஓரளவு தெரியும். அதையும் கணக்கில் வைத்து, அவர் குரல் போகாத இடத்துக்கு அதை இறக்கினோம். நான்கு மாலைகள் ஆயின.

கடைசி மாலை இன்னும் ஓர் இழை எடுக்கக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் கண்ணு. நல்லா ஓடற கைய நாங்க நோண்டமாட்டோம்."

கம்பி ஏற்றிய அன்று கணவர் நின்று கேட்டார். "முதல்ல செஞ்சதுதான் சத்தம் ஜாஸ்தி புள்ள" என்றார். ஆமாம் என்றேன். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கியதும் கணவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லேத்தில் மாட்டிய வேலை அப்படியே கிடந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் சர்ச்சுக்குப் போனேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் இருந்தபடியே அக்கா பாடிய ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டேன். கிட்டார் குரலுக்கு அடியில் இருந்தது. தேடினால்தான் காதில் விழுந்தது.

முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் அக்காவிடம் வந்தார். "இப்பத்தான் நீ பாடறது நல்லாக் கேக்குது. தொண்டைக்கு ஏதாச்சும் மருந்து சாப்பிடறயா அம்மணி?"

"ஆமாங்க. தெரிஞ்ச புள்ள ஒண்ணு குடுக்குது" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

அந்த அம்மா போனதும் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். மழை கொஞ்சம் வலுத்தது. கிட்டாரை நனையாமல் என் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு நடந்தோம்.