அண்ணனுக்குப் பேய் பிடிக்கவில்லை

அண்ணே, உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. இனி உண்மையைச் சொல்லலாம் என்று என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

எண்பத்தொன்றில் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியை நிறுத்திவிட்டு, அதற்குள்ளிருந்து யாரோ திட்டுவதாகச் சொன்னாய். பேய் என்றார்கள். “ஏலே, நான் உன்னத்தான் வேலைக்கு வச்சேன், உங்கூட வந்தவனையுமா வச்சேன்?” என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

நம்மைப் பெற்ற அய்யா உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் வந்தேன். மூளையில் ஒரு ரசாயனம் கூடிப்போயிருக்கிறது, இதுவும் உடம்பு நோய்தான், மாத்திரையில் அடங்கும் என்றார் டாக்டர்.

“அப்ப நான் ஒரு தப்பும் பண்ணலையா சார்?”

“சர்க்கரை வியாதிக்காரன் என்ன தப்பு பண்ணான்?”

ஊர் வரும்வரை பஸ்ஸில் நீ நன்றாகத் தூங்கினாய்.

மாத்திரையில் கை நடுங்கியது, ஆனால் சத்தம் நின்றது. அய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடையில் போய், “பேயும் இல்ல, பிசாசும் இல்ல வே. மூளையில சீக்கு. டாக்டரே சொல்லிட்டாரு” என்றார். அது அடுத்த பஸ்ஸிலேயே வாசுதேவநல்லூர் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் எனக்கு நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். காப்பியைத் தொடவில்லை.

“பேய்னா ஓட்டிரலாம் அண்ணாச்சி. சீக்குன்னா ரத்தத்துல வரும்லா. நாளைக்கு எம் பேரப்பிள்ள தறிகூடப் பேசிச்சின்னா?”

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டரும் அய்யாவிடம் கேட்டிருந்தாரே.

நீதான் உள்ளேயிருந்து வந்தாய். “டாக்டருக்கு என்ன தெரியும் அத்த? வெள்ளிக்கெழம கோயிலுக்கு வாங்க.”

அம்மன் சந்நிதி முன்னால், பேய் பிடித்தவர்களை உட்காரவைக்கிற, தரையில் பதித்த சக்கரத்தில் நீ உட்கார்ந்தாய். காலையில் மாத்திரை போட்டுவிட்டுத்தான் வந்தாய், தண்ணீர் கொடுத்தது நான். தலையைச் சுழற்றி, “போறேன், போறேன்” என்று கத்தினாய். பக்கத்தில் நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டாய். “எப்படி ஆடுனேன் ஏட்டி?”

“கொஞ்சம் கூடிப்போச்சுண்ணே.”

“ரசாயனம்லா.”

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அந்த மாசமே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத” என்றார்.

அதன்பிறகு கோயிலில் மருந்தாகத் தரும் புற்றுமண் பொட்டலத்துக்குள் மாத்திரையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாய். புற்றுமண் எப்படிக் கேட்கிறது பாருங்கள் என்று மாமியார் தெருவுக்கே உன்னைக் காட்டுவார். நீ தலையாட்டுவாய். “பேய் சும்மா பிடிக்குமா? என்ன தப்பு பண்ணானோ” என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் தலையாட்டுவாய். அப்போது மட்டும் என்னைப் பார்க்கமாட்டாய்.

மஞ்சள்காமாலையில் நீ போனாய். துட்டி வீட்டிலும் ஒருத்தி, பழைய பேய் திரும்ப வந்திருக்கும் என்றாள். நான் எழுந்து சொல்லப்போனேன். பதினாறு முடியட்டும் என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் என் அண்ணனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பேயை விரட்டியதற்கு அம்மனுக்கு நன்றி சொல்ல வேண்டாம், பேய் வரவே இல்லை. அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.